கண்ணெதிரே நிற்கிற வண்டியில் சாவி இருக்கலாமா?

சைடுஸ்டாண்டு:
மைலேஜ் பற்றிய பேச்சுக்கு நடுவே காங்கேயத்தான் அண்ணன் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கண்ணெதிரே நிற்கிற வண்டியில் சாவியை எடுக்கிறவன் பயந்தாங்கொள்ளி." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. டீக்கடையோ, ஏடிஎம்மோ, சொந்த வீட்டு வாசலோ, இறங்கினால் சாவி கையில் இருக்க வேண்டும். இதில் பயம் எங்கே வந்தது?

காங்கேயத்தான்:
கண்ணெதிரே என்று எழுதியிருக்கிறேன் தம்பி. பெஞ்சில் உட்கார்ந்தால் வண்டி பத்தடி தூரத்தில் நிற்கிறது. சந்தை நாளில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். சாவி இருந்தால்தான் பின்னால் இருப்பவர் நகர்த்தி எடுக்க முடியும். எங்கள் பக்கம் காலங்காலமாக இப்படித்தான்.

சைடுஸ்டாண்டு:
நகர்த்த எதற்கு அண்ணே சாவி? ஹேண்டில் லாக் போடாமல் நியூட்ரலில் விட்டால் சாவி இல்லாமலே உருளும். பத்தடி என்கிறீர்கள். ஏறி உட்கார்ந்து செல்ஃப் பட்டனை அழுத்துகிறவனுக்கு அந்தப் பத்தடி ஒரு பொருட்டா? நீங்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுவதற்குள் அவன் முக்கு திரும்பியிருப்பான்.

ஆர்எக்ஸ் ரசிகன்:
சாவியை எடுத்துவிட்டால் மட்டும் வண்டி பத்திரமா? என் யமஹா பைக் ஆர்எக்ஸ் 100 வருவது 1996-லேயே நின்றுவிட்டது. என் வண்டிப் பூட்டு தேய்ந்து, எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிறது. திருடத் துணிந்தவன் ஒயரை வெட்டி ஒட்டியும் எடுப்பான்.

சைடுஸ்டாண்டு:
பூட்டு தேய்ந்தால் லாக் செட் மாற்றுங்கள். திருடன் ஓட்டைப் பிரித்தும் இறங்குவான் என்று வாசல் கதவைத் திறந்து போட்டா தூங்குகிறீர்கள்? பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் அளவிலும் போன தடவை இப்படித்தான் குறுக்கே வந்து பேச்சைக் கெடுத்தீர்கள்.

ஆர்எக்ஸ் ரசிகன்:
ஆயில் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்காதீர்கள்.

கருப்புக்கோட்டு:
சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: பொது இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் வண்டியை விட்டால் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி ஏதாவது செய்திருக்க வேண்டும். சாவியை எடுக்கச் சொல்லவில்லை. காப்பீட்டில் கதை வேறு. திருட்டு க்ளெய்முக்கு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஓட்டுநர் சாவியை விட்டு இறங்கியதால் களவுபோன ஒரு லாரிக்கு, 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் தரச் சொன்னது.

காங்கேயத்தான்:
அப்படிப் போடுங்கள்! சட்டமும் சாவியை எடுக்கச் சொல்லவில்லை, நீதிமன்றமும் பணம் தரச் சொல்கிறது. தம்பிதான் நியூட்ரலில் விடச் சொல்லி பிரிவு 126-ஐ மீறுகிறார்.

சைடுஸ்டாண்டு:
சென்டர் ஸ்டாண்டு போட்டால் எப்படித் தானாக நகரும்? மீதி 25 சதவீதம் எதனால் போனது, அதைச் சொல்லுங்கள். சாவியை விட்டதால்தானே? அந்த 75-க்கும் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. உங்கள் வண்டிக்கு அவ்வளவு தூரம் அலைவீர்களா?

திருட்டை விடுங்கள். எஞ்சினை அணைக்காமல் குழந்தையை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துவிட்டு மருந்துக் கடைக்குள் போகிறார்கள். குழந்தை பிடிமானத்துக்கு எதைப் பிடிக்கும்? வலது கைப்பிடியைத்தான். அது ஆக்சிலேட்டர். கியர் கிடையாது, முறுக்கினால் வண்டி பாய்ந்துவிடும். மின்சார ஸ்கூட்டரில் சத்தமே கேட்காது, ஆனில் இருப்பதே பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இறங்கும்போதே சாவியை எடுக்கிற கை இருந்தால் இதெல்லாம் நடக்குமா? இதைப் பயம் என்றால் நான் பயந்தாங்கொள்ளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

காங்கேயத்தான்:
குழந்தையைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? நான் சொன்னது டீக்கடை. கண்ணெதிரே. பத்தடி.

ஆர்எக்ஸ் ரசிகன்:
சாவியைத் திருடனைவிட அதிகம் பிடுங்குவது போலீஸ்தான். ஓரமாக நிறுத்தியதும் முதலில் கை அங்கேதான் போகும். அதைப் பேசுங்கள்.

கருப்புக்கோட்டு:
லைசென்ஸோ பதிவோ இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து வைக்கப் பிரிவு 207 இருக்கிறது. ஓடுகிற வண்டியில் கையை விட்டுச் சாவியைப் பிடுங்க எந்தப் பிரிவும் இல்லை.

ஆர்எக்ஸ் ரசிகன்:
இதை ரோட்டில் நின்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள் வக்கீல் சார்.

கருப்புக்கோட்டு:
சொல்லியிருக்கிறேன். உங்களைப் போல வீட்டுக்கு வந்து புலம்பவில்லை.

சைடுஸ்டாண்டு:
போலீஸை அப்புறம் பார்க்கலாம். காங்கேயத்தான் அண்ணே, 25 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

காங்கேயத்தான்:
வண்டி என் கண்ணெதிரே நிற்கும்போது க்ளெய்ம் எதற்கு? நாளைக்கும் சாவி வண்டியில்தான் இருக்கும்.

சைடுஸ்டாண்டு:
அந்தப் பத்தடியை அவன் எத்தனை நொடியில் தாண்டுவான் என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

ஆர்எக்ஸ் ரசிகன்:
ஆயில் அளவில் நீங்கள் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டு மற்றவரிடம் பதில் கேளுங்கள்.