டோனி குரோஸ் ஏன் இடது பக்கம் இறங்கி வந்து பந்து வாங்குவார்?

நடுக்களம்:
ரியல் மாட்ரிட் கால்பந்து அணியில் ஜெர்மன் நடுக்கள வீரர் குரோஸ் ஆடிய பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பந்து பின்னால் இருக்கும்போதே குரோஸ் இடது சென்டர் பேக்குக்கு (நடுத் தடுப்பாளர்) பக்கத்தில், லெஃப்ட் பேக் (இடது ஓரத் தடுப்பாளர்) நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றுகொள்கிறார். வலதுகால்காரருக்கு அங்கே என்ன வேலை? ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா? பள்ளி அணிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் எங்கே தவறும்?

வெள்ளை_பூட்ஸ்:
ஆரம்பத்தில் இல்லை. 2007-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் சிறந்த வீரர் விருது வாங்கியபோது அவர் முன்னால் நின்று ஆடும் பத்தாம் எண் ஆட்டக்காரர். அதே ஆண்டு ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்காக கொட்பஸுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து, க்ளோஸேவின் இரண்டு கோல்களுக்குப் பந்து கொடுத்தார். லெவர்குசன் அணிக்குக் கடனாகப் போய் பயிற்சியாளர் ஹைன்கஸிடம் ஆடிய 2009-10 பருவத்தில் லீக்கில் 9 கோல். பயர்னின் கடைசி ஆண்டுகளிலேயே கீழே இறங்கி ஆடத் தொடங்கினார்; 2014-ல் மாட்ரிட் வந்த பிறகு பயிற்சியாளர் அன்செலோட்டி அவரை இன்னும் கீழே இறக்கினார். பின்னர் ஸிடான் பயிற்சியாளராக இருந்த காலத்தில் தடுப்பில் வல்ல காஸமீரோ நடுவில், மோட்ரிச் வலது, குரோஸ் இடது என்று நிலைத்தது.

இடதுகரை:
வலதுகால்காரர் என்பதால்தான் அந்த இடமே பொருந்துகிறது. இடது ஓரத்தில் நின்று உடலை உள்பக்கம் திருப்பினால் மைதானம் முழுவதும் கண்முன். முதல் தொடுதலிலேயே பந்து வலது காலுக்கு வந்துவிடும். அங்கிருந்து வலது ஓரத்துக்குக் குறுக்காக நீளப் பாஸ், இல்லையென்றால் நடுவில் தரையோடு ஒரு பாஸ். அவர் இறங்கி வருவதால் லெஃப்ட் பேக்கான மார்செலோவோ மெண்டியோ தயங்காமல் மேலே போகலாம்.

2024 ஏப்ரல் 30, மியூனிக், பயர்னுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 24-வது நிமிடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மாட்ரிட்டின் முன்கள வீரர் வினீசியஸ் பந்து வாங்க வருவதுபோல் கீழே வர, பயர்னின் சென்டர் பேக் கிம் மின்-ஜே அவரைத் தொடர்ந்து மேலே ஏறுகிறார். பின்னால் இடம் காலி. குரோஸ் முதலில் கையால் அந்த இடத்தைக் காட்டுகிறார், பிறகுதான் பாஸ். பந்து தரையை விட்டு எழவே இல்லை, வினீசியஸ் ஓட்டத்தைக் குறைக்கவும் வேண்டியிருக்கவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த பாஸ் அதுதான்.

நடுக்களம்:
நன்றி. எதிரணி ஆள் ஒருவர் அவரையே ஒட்டிக்கொண்டு வந்தால்?

வெள்ளை_பூட்ஸ்:
வரட்டும். அந்த ஆள் விட்டு வந்த இடம் நடுவில் திறந்துகிடக்கும். சென்டர் பேக் பந்தோடு அதற்குள் நடந்து போகலாம். ஆபத்து வேறு இடத்தில். லெஃப்ட் பேக் மேலே ஏறியிருக்கும் நேரத்தில் பந்து பறிபோனால் அந்தப் பக்கம் முழுக்க வெற்றிடம். குரோஸ் வேகமாக ஓடித் திரும்புபவர் அல்ல. அதனால்தான் நடுவில் காஸமீரோ போன்ற ஒருவர் தேவைப்பட்டார். 2018 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக அவருடைய ஒரு தவறான பாஸ்தான் தொய்வோனனின் கோலாக முடிந்தது. அதே ஆட்டத்தில் ஜெர்மனிக்கு வெற்றி தந்த அவருடைய 95-வது நிமிட ஃப்ரீ கிக்கை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், இதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இடதுகரை:
பையன்களிடம் அடிக்கடி வரும் தவறு, இறங்கி வந்து சென்டர் பேக்கின் காலடியிலேயே நிற்பது. இருவருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு மீட்டராவது இருக்கட்டும். இல்லாவிட்டால் எதிரணியின் ஒரே ஆள் இரண்டு பேரையும் மறித்துவிடுவான். இன்னொன்று, தன் கோலைப் பார்த்தபடி பந்து வாங்குவது. இடுப்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கவேண்டும், பந்து வருமுன் தோளுக்கு மேல் இரண்டு முறையாவது திரும்பிப் பார்த்திருக்கவேண்டும். லெஃப்ட் பேக் மேலே போகாமல் அங்கேயே நின்றால் இறங்கி வரவே வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு பேர் நிற்பார்கள், நடுக்களத்தில் ஓர் ஆள் குறைவார். நீளப் பாஸைக் கடைசியில் வையுங்கள். முதல் சில வாரங்கள் வாங்கு, திரும்பு, தரையோடு கொடு என்பது மட்டும் போதும்.