மே மாசம் ஸ்ரீலங்கா: எந்தப் பக்கத்து பீச்சுக்குப் போறது?

வில்லாபுரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மே லீவுல குடும்பத்தோட ஸ்ரீலங்கா போறோம், மதுரைல ஏறுனா நேரா கொழும்புல இறங்கிக்கலாம்னுதான் அந்த ஊர முடிவு பண்ணுனோம். ஆறு நாள். நான், வீட்டுக்காரி, 8 வயசுல ஒண்ணு 4 வயசுல ஒண்ணுனு ரெண்டு புள்ளைக, கூட மாமியார். யூடியூப் பாத்து லிஸ்ட்டு போட்டுருக்கேன்: ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ, அறுகம்பே, பாசிக்குடா, நிலாவெளி. அம்புட்டையும் பாக்க முடியுமா, இல்ல எத வெட்டலாம்?

கீழவாசல்_கிட்டு:
பங்காளி, கடைசி மூணையும் கண்ண மூடிட்டு வெட்டு. கிழக்கால போறதுக்கே ஒரு நாள் போயிரும், திரும்பி வர ஒரு நாள். தெக்க போனீன்னா கொழும்புலருந்து எக்ஸ்பிரஸ்வேல ரெண்டு ரெண்டர மணி நேரத்துல காலிங்கிற ஊரு கோட்டை, அங்கிட்டுருந்து உனவட்டுன கூப்பிடு தூரம், மிரிஸ்ஸ அதத் தாண்டுனா வந்துரும். ரூம், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் ஈஸி.

தல்லாகுளம்_அக்கா:
கிட்டு தம்பி சொல்ற ரூட்டு டிசம்பர்லருந்து மார்ச் வரைக்கும் ரொம்ப சரி. இவுக போறது மே மாசத்துல. தென்மேற்குப் பருவக்காத்து அப்பதான் கிளம்பும், அது வந்து மோதுறது மேக்கையும் தெக்கையும்தான். நடுவுல மலை நிக்கிறதால மழை பூராம் அந்தப் பக்கமே கொட்டிட்டு கிழக்கு காஞ்சு கெடக்கும், கேரளால ஊத்தும்போது நமக்கு இங்க வெயில் பொளக்குதுல்ல அதே கததான். ஏப்ரல்லருந்து செப்டம்பர் வரைக்கும் திருகோணமலை, பாசிக்குடா பக்கம். மார்கழி தையில போனா அப்படியே தலகீழு. மொதல்ல மாசத்தப் பாருங்க, பீச்சு பேரு அப்பறம்.

கீழவாசல்_கிட்டு:
யக்கா, மழைனா நாள் பூராமா பெய்யும்? ஒரு மணி நேரம் கொட்டும், அப்பறம் பளிச்சுனு வெயில். சீசன் இல்லைங்கிறதால ரூம் ரேட்டும் கொறையும். உனவட்டுன வளைஞ்ச கடற்கரை, பவளப்பாறை வேற தடுப்பா இருக்கு, என்ன ஆயிரப் போகுது?

தல்லாகுளம்_அக்கா:
மழையப் பத்தி யாரு கவலப்பட்டா, நான் சொல்றது அலைய. மிரிஸ்ஸல திமிங்கலம் காட்டுற போட்டு நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன், அதுக்கப்பறம் கடல் கொந்தளிச்சுரும். உனவட்டுன கொஞ்சம் தேவல, மறுக்கல. ஆனா நம்மாளுக பாதிப்பேரு கிணத்துல நீச்சல் பழகுனவுக, கிணத்துல இழுப்பு ஏது? கடல்ல உள்வாங்குற தண்ணில சிக்குனா நேரா கரையப் பாத்தே நீந்தி கை ஓஞ்சு போறாய்ங்க, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வரணும்னு எவன் சொல்லிக் குடுத்தான். 4 வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு அந்த வம்பு வேணாம்பா. பாசிக்குடால ரொம்ப தூரம் உள்ள நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான்.

ஒத்தக்கட_மாப்ள:
இம்புட்டு சண்ட எதுக்குங்கிறேன். வெள்ளன கெளம்புனா மண்டபத்துக்கு முன்னாடியே அரியமான், சவுக்குத் தோப்பு நிழலு, அலையே இருக்காது. பாம்பன் தாண்டுனா ராமேஸ்வரம், அதுவும் தீவுதானப்பா. ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல் ஒரு பக்கம் சாதுவான பெண்கடல்னு அங்கனயே ரெண்டு தினுசு இருக்கு, பாஸ்போர்ட்டே வேணாம்.

தல்லாகுளம்_அக்கா:
அரியமான் நல்ல எடம்தான், ஒரு ஞாயித்துக்கெழம போய்ட்டு வாங்க. ஆனா அந்தப் பெண்கடலும் வாடக்காத்து அடிக்கிற மாசத்துல சாதுவா இருக்காது மாப்ள, அங்க உள்ளவுககிட்டயே கேளுங்க. அதத்தான் நானும் கத்திட்டு இருக்கேன்.

கீழவாசல்_கிட்டு:
சரி, கொழும்புலருந்து திருகோணமலை ஆறு மணி நேரம். மாமியார் கால் வீங்கிரும். அதுக்குப் பதில் சொல்லுங்க.

தல்லாகுளம்_அக்கா:
ஒரே மூச்சுல எதுக்கு ஓட்டணும், வழில தம்புள்ளை பக்கம் ஒரு ராத்திரி தங்குனா சிகிரியா பாறைக் கோட்டையையும் பாத்துக்கலாம். திருகோணமலைல தமிழ் பேசியே காலத்த ஓட்டலாம், சம்பந்தர் பாடுன கோணேஸ்வரம் கோட்டைக்குள்ளதான் இருக்கு, போற வழில புள்ளிமான் சுத்தும். திருகோணமலைக்குப் பக்கத்துலயே இருக்குற நிலாவெளிலருந்து பிஜியன் ஐலண்டுக்கு போட்டு, 2003லயே தேசியப் பூங்காவா அறிவிச்ச எடம், வெளிநாட்டுக்காரவுகளுக்கு டிக்கெட் ரேட்டு தனி, பவளப்பாறை மேல மட்டும் கால் வைக்க விடாதீங்க. அறுகம்பேய தாராளமா வெட்டலாம், அந்த மாசங்கள்ல அங்க அலைக்காகவே சர்ஃபிங்காரய்ங்க வருவாய்ங்க, சின்னப் புள்ளைகளுக்கு அங்க என்ன வேல.

வில்லாபுரம்வாசி:
கோணேஸ்வரம்னு சொன்னதுமே மாமியார் பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாக, இனி நான் என்னத்தப் பேச. அப்ப திருகோணமலை, பாசிக்குடா ரெண்டுலயும் ரெவ்வெண்டு ராத்திரி போடவா?

கீழவாசல்_கிட்டு:
அதுலயாவது ஒண்ண வெட்டு பங்காளி. புள்ளைகள வச்சுக்கிட்டு மூட்ட கட்டி மூட்ட பிரிச்சே பாதி லீவு போயிரும். இம்புட்டு தூரத்துக்கு தெக்கயே போயிருக்கலாம்னு நான் இன்னும் சொல்றேன்.

தல்லாகுளம்_அக்கா:
மூட்ட விசயத்துல தம்பி சொல்றது நெசம். ஆனா வெட்டுறதா இருந்தா நிலாவெளிய வெட்டுங்க, பாசிக்குடாவ இல்ல. புள்ளைக தண்ணில கெடக்கத்தான போறீக?

வில்லாபுரம்வாசி:
யக்கா, நிலாவெளிய வெட்டுனா கோணேஸ்வரமும் சேந்து போயிரும், வீட்டுல சோறு கெடைக்காது. பாசிக்குடாவத்தான் வெட்டுறேன், நிலாவெளிலயே நாலு ராத்திரி. தமிழ் பேசுற வேன் டிரைவர் யாராச்சும் பழக்கம் இருந்தா உள்பெட்டில சொல்லுங்க.