1+0 ஆட்டத்தில் பிரீமூவ்: எப்போது வைக்கலாம், எப்போது கூடாது?

கறுப்புச்சிப்பாய்:
லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் 1+0 (ஆளுக்கு ஒரு நிமிடம், மூவுக்குக் கூடுதல் நேரம் இல்லை) ஆடுகிறேன், பெரும்பாலும் போனில், ஆபீஸ் பஸ்ஸில். கடைசிப் பத்து விநாடிகளில் எதிராளியின் கடிகாரம் அசையவே மாட்டேன் என்கிறது. நான் காயை வைத்த கையோடு அவர் காய் நகர்ந்துவிடுகிறது. பிரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே நம் அடுத்த மூவைப் போட்டுவைப்பது) என்று தெரியும். ஆனால் எப்போது வைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று பிடிபடவில்லை. செஸ்.காமிலும் இப்படித்தானா?

யானைப்பாகன்:
அங்கே கொஞ்சம் வேறு. ஒவ்வொரு பிரீமூவுக்கும் 0.1 விநாடி கழியும். ஆனால் பல மூவ்களை வரிசையாக வைத்துவிடலாம். லிச்செஸில் நேரமே கழியாது, ஆனால் ஒன்றுதான் வைக்க முடியும்.

பழைய பெஞ்ச்:
தம்பி, திருப்பி வெட்டுவதில் ஆரம்பியுங்கள். நீங்கள் கறுப்பு; உங்கள் குதிரை எஃப்6 கட்டத்தில், எதிராளியின் மந்திரி ஜி5-ல். வெட்டுவார் என்று தோன்றினால் ஜி7 சிப்பாயை எஃப்6 மேல் பிரீமூவாக வையுங்கள். வெட்டினால் உடனே பதில் வெட்டு. வெட்டாவிட்டால், அந்தக் கட்டத்தில் உங்கள் குதிரையே நிற்பதால் மூவ் செல்லாது, தானாக ரத்தாகிவிடும். இதைவிடப் பாதுகாப்பான பிரீமூவ் கிடையாது.

ஆபத்து ஓப்பனிங்கில்தான், அதாவது ஆட்டத்தின் முதல் சில மூவ்களில். கறுப்பில் சிப்பாய் ஜி6, அப்புறம் மந்திரி ஜி7 என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பவர்கள் ஏராளம். வெள்ளை முதலில் சிப்பாய் பி3, அடுத்து மந்திரி பி2 ஆடினால் என்ன ஆகும்? ஜி7-ல் வந்து உட்கார்ந்த மந்திரிக்குக் காவல் இல்லை. வெள்ளை மந்திரி அதை வெட்டியதும் எச்8 யானையும் மாட்டிக்கொள்ளும். இதற்காகவே புல்லட்டில் (இந்த மாதிரி ஓரிரு நிமிட ஆட்டங்களில்) பி3 ஆடுகிற ஆட்கள் உண்டு. (நானும் ஆடுவேன், வெட்கமே இல்லை.)

எதிராளி பிரீமூவிலேயே ஓடுகிறாரா? செக் கொடுங்கள். ராஜாவுக்குச் செக் விழுந்தால் அவர் வைத்தது பெரும்பாலும் செல்லாது. யோசித்துத்தான் ஆக வேண்டும், கடிகாரம் அசையும்.

ராணியை வைத்துத் தனி ராஜாவைத் துரத்தும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு பிரீமூவ் தப்பினால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே ராஜாவுக்கு நகர இடம் இல்லாத நிலை), ஜெயித்த ஆட்டம் டிரா.

கறுப்புச்சிப்பாய்:
நன்றி அண்ணே. ஆனால் இது ஒருவித ஏமாற்று இல்லையா? நேரில் எதிராளி ஆடும் முன் காயைத் தூக்கினால் விடுவார்களா?

பழைய பெஞ்ச்:
நேரில் விடமாட்டார்கள், சரிதான். ஆனால் ஆன்லைனில் இரண்டு பேருக்கும் ஒரே வசதி, அப்புறம் என்ன ஏமாற்று? கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ரூ டாங் அல்ட்ராபுல்லட் (ஆளுக்கு மொத்தமே 15 விநாடி) ஆடுவதைப் பாருங்கள். பிரீமூவ் இல்லாமல் அந்த ஆட்டமே கிடையாது.

மெதுவண்டி:
என்னைக் கேட்டால் 2+1-க்கு மாறுங்கள். லிச்செஸில் பிரீமூவுக்கு நேரம் போகாது, மூவுக்கு ஒரு விநாடி சேரவும் செய்யும். சிப்பாயை ராணியாக்க எதிராளிக்கு எட்டாத தூரத்தில் ஓட்டினால், கடிகாரம் ஏறிக்கொண்டே போகும்.

கறுப்புச்சிப்பாய்:
அந்தச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனதும் எந்தக் காய் வேண்டும் என்று கேட்டு நிற்காதா?

மெதுவண்டி:
செட்டிங்கில் தானாக ராணியாக்குவதற்கு மூன்று தேர்வுகள் இருக்கும்: வேண்டாம், பிரீமூவின்போது மட்டும், எப்போதும். நடுவில் இருப்பதைப் போட்டுவிடுங்கள்.