ஒழுங்கை முகப்புப் புளியைத் தறிச்சது சரியோ?

கச்சான்காத்து: போன ஞாயிறு விடிய, திருகோணமலை உவர்மலையில எங்கட ஒழுங்கை முகப்பில நிண்ட புளியைத் தறிச்சிட்டாங்க. காணி வாங்கினவருக்கு வாகனம் உள்ள போக வழி வேணுமாம். அப்பாட அப்பா பொடியனா இருக்கேக்கயே அது பெரிய மரம். இனி ஓட்டோக்காரரிட்ட ‘புளியடியில இறக்குங்க’ எண்டு எப்படிச் சொல்றது?

கரைவலை: சொந்தக் காணி, சொந்த மரம். பலா, ஈரப்பலா எண்டால் அனுமதி கேப்பாங்க, புளிக்கு ஆர் கேட்டது? 2023 ஒக்டோபரில கொழும்பு கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து 5 பேர் செத்ததை மறந்திட்டீங்களா? 2020இல புரெவிப் புயல் எங்கட கரையில ஏறின இரவு, அந்தப் புளிக்குக் கீழ் வீட்டில எங்கட அம்மா கண் மூடேல்ல.

கச்சான்காத்து: அம்மாட பயம் நியாயம். ஆனா வெட்டுமுகத்தைப் போய்ப் பாருங்க. கோறையே இல்லை, நடுவில கறுத்த வைரம். புரெவிக்கும் அசையாத மரம் அண்ணன் அது.

கொப்புவெட்டி: நான் கொப்பு இறக்கிற தொழில். இங்கிலாந்தில ஹேட்ரியன் மதிலடியில நிண்ட சிக்கமோர் மரத்தை 2023 செப்டெம்பரில ரெண்டு பேர் இரவோட இரவா அறுத்தாங்க. வழக்கில மரத்தின்ட பெறுமதி 622,191 பவுண். அது விழுந்து ரோமர் கட்டின மதிலுக்கு வந்த சேதம் 1,144 பவுண்தான். ஆளுக்கு 4 வருசம் 3 மாதம் மறியல்.

கரைவலை: அது ஊரான் மரத்தை அறுத்த கள்ளவேலை தம்பி. இவர் தன்ட மரத்தைத்தான் தறிச்சார். பத்துக் கண்டு நட்டுத் தாறன் எண்டும் சொல்லியிருக்கார்.

கொப்புவெட்டி: பத்தா? அங்க மரத்துக்கு விலை போடேக்க அடிமரத்து வெட்டுமுகப் பரப்பைத்தான் முதல்ல பாப்பாங்க. ஒரு மீட்டர் குறுக்களவு புளிக்கு 5 சென்ரிமீட்டர் குறுக்களவுக் கண்டு 400 வேணும். அதுவும் ரவுனுக்குள்ள திரியிற மான் விட்டு வச்சால்! கூடு போடாத கண்டு ஒரு கிழமை தாங்காது.

கச்சான்காத்து: விலையை மீன் விக்கிற அக்காட்ட கேளுங்க. இருபது வருசம் அந்த நிழல்லதான் பெட்டி வச்சவ. வெக்கைக் கச்சான் காத்து அடிக்கிற இந்த நேரம், முந்தி ஒருக்காப் போட்ட ஐஸை இப்ப மூண்டு தரம் போடுறா. அந்தக் காசை வாகன வழிக்காரர் குடுக்கிறாரா?

கரைவலை: ஐஸ் கதை எனக்குத் தெரியாது. சரி, ரோட்டுப் பக்கக் கொப்பை மட்டும் இறக்கியிருக்கலாம், ஒத்துக்கொள்றன். அந்தக் கூலியை ஆர் குடுப்பாங்க? மரம் வேணும் எண்டவங்க ஒருத்தரும் அஞ்சு சதம் நீட்டேல்ல.

கொப்புவெட்டி: என்னைக் கேட்டிருந்தால் சாப்பாட்டுக்கே ஏறியிருப்பன். அடிக்கட்டை நிக்குதா? அந்த சிக்கமோர் கட்டையும் அடுத்த வருசமே தளிர் விட்டது. புளியும் விடும், தொடாம விடச் சொல்லுங்க.

கச்சான்காத்து: நேத்துப் பின்னேரம் டயர் போட்டுக் கொளுத்திட்டாங்க. இன்னும் புகையுது.