மாத்திரை வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

செந்தூல் அம்மா:
மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.எச்.டி. குறைபாட்டுக்கு ரிட்டலின் மாத்திரை தொடங்கியிருக்கிறோம். காலை ஏழு மணிக்குப் பசியாறியதும் ஒரு வேளை மட்டும். நான் வேலை முடிந்து எல்.ஆர்.டி. ரயில் பிடித்து வீடு சேர ஆறரை ஆகிவிடும். அப்போது சோபா மேல் குதித்துக்கொண்டிருப்பான். என் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. மாமியாரோ, "சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருது, பள்ளி விட்டு வந்ததும் எரிஞ்சு விழுறான், நிறுத்து" என்கிறார். வீட்டுக்காரர் "நல்ல மாற்றம்" என்கிறார். முதல் மாத்திரை போட்ட அன்றைக்கே அப்படிச் சொன்னவர் அவர்! டாக்டர் கேட்டால் யார் பேச்சைச் சொல்வது?

ஜெலுத்தோங் அப்பா:
அக்கா, நீங்கள் பார்க்கும் நேரத்தில் மருந்தின் வேலை எப்போதோ முடிந்திருக்கும். சாதாரண ரிட்டலின் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். கான்செர்ட்டா மாதிரி நீண்ட நேர மாத்திரை என்றால் 10, 12 மணி நேரம் வரை போகும். மருந்து இறங்கும்போது சில பிள்ளைகள் கொஞ்ச நேரம் சிடுசிடுப்பார்கள், பாட்டி பார்ப்பது அதுவாகவும் இருக்கலாம்.

நான் என் மகளின் பள்ளி நோட்டுகளைத்தான் பார்ப்பேன். முதல் பாடத்துக் கணக்கு நோட்டில் எண்கள் கட்டத்துக்குள் நிற்கும். அதே நாள் கடைசிப் பாடத்தில் பாதி வாக்கியத்தோடு விட்டிருப்பாள். இரண்டையும் படம் பிடித்துக் காட்டினேன். டாக்டர் என் பேச்சைவிட அதைத்தான் உற்றுப் பார்த்தார்.

உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்த ஆய்வுகளிலும் முன்னேற்றம் தெரிகிறது என்று சொன்ன பெற்றோர் உண்டு. ஞாயிறும் மாத்திரை உண்டென்றால், கோயில் தேவார வகுப்பு ஆசிரியையிடம் மருந்துப் பேச்சை எடுக்காமல் "பையன் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஓர் ஆசிரியை:
வகுப்பில் "அமைதியாக இருக்கிறானா" என்று மட்டும் கேட்காதீர்கள் சகோதரி. அமைதி எங்களுக்குப் பிடிக்கும், ஆமாம் என்றுதான் வரும். பலகையில் உள்ளதை எழுதி முடிக்கிறானா, எத்தனை தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் கவனத்தையும் நடத்தையையும் மதிப்பிட வாண்டர்பில்ட் என்ற கேள்விப் படிவம் இருக்கிறது, அதில் பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று உண்டு. டாக்டரிடம் கேளுங்கள். ஓய்வு நேரத்திலும் விளையாடாமல் மந்தமாக உட்கார்ந்திருக்கிறான் என்றால் அது நல்ல செய்தி இல்லை, அளவு கூடுதலாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கெப்போங் சித்தி:
பாட்டி சொல்வதைத் தள்ளாதீர்கள். பசி குறைவது இந்த மருந்தில் சகஜம், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையக் கொடுங்கள், மிச்சத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த மட்டும் வேண்டாம்.

செந்தூல் அம்மா:
நன்றி எல்லாருக்கும். பள்ளியில் மாத்திரை விஷயத்தையே இன்னும் சொல்லவில்லை. படிவம் கொடுத்தால் சொல்லித்தான் ஆகணும். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகிறேன். டப்பாவில் என்ன மிச்சம் என்று எழுதி வைக்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிட்டேன். இப்போதே காலண்டரில் எழுத ஆரம்பித்துவிட்டார்.