மூன்று மாதமாக நடக்கிறேன், ஒன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது

தெப்பக்குளத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ, தொப்புள் மட்டத்தில் இடுப்பு 102 செ.மீ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை இன்னும் இல்லை, முதலில் எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் அப்பாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை வந்து கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது, அதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான், அதனால் பயமாக இருக்கிறது. மூன்று மாதமாக மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். முடிந்ததும் நண்பர்களோடு ஒரு டீ, ஒரு வடை. காலையில் நாலு இட்லி இல்லையென்றால் மூன்று தோசை, மதியம் வீட்டுச் சாப்பாடு, ஆபீசில் மூன்று டீ. இரவு சாதத்தை அடியோடு நிறுத்திவிட்டு நாலு சப்பாத்தி, குருமா. எங்கே தப்பு செய்கிறேன்?

அன்னக்கரண்டி:
தம்பி, மூன்று மாதம் விடாமல் நடந்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். கணக்கை மட்டும் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி போக வேண்டும். உங்கள் எடைக்கு 45 நிமிட நடையில் ஏறக்குறைய 200 போகும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயும் வடையும் சேர்ந்தாலே அது திரும்பி வந்துவிடும்.

சப்பாத்தி விஷயத்தில் நம் ஊரில் பாதிப் பேர் ஏமாறுகிறோம். அரிசியோ கோதுமையோ, கேழ்வரகோ கம்போ, நூறு கிராம் மாவில் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். சாதத்தை விட்டுவிட்டு எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் சாப்பிட்டால் முன்பைவிடக் கூடத்தான் போகும்.

நான் 79 கிலோவிலிருந்து 66க்கு வந்தேன், ஒன்றேகால் வருடம் ஆனது. முதலில் பார்த்தது எண்ணெய் டப்பாவைத்தான். நாலு பேர் இருக்கிற வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்துகொண்டிருந்தது, அப்படியென்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 270 கலோரி, அதுவும் தட்டில் கண்ணுக்கே தெரியாமல்! டப்பாவைச் சாய்த்து ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிட்டு மருந்து குடிக்கிற 5 மில்லி ஸ்பூனை எண்ணெய்ப் பக்கத்திலேயே வைத்தேன். தாளிக்க இரண்டு ஸ்பூன், பொரியலுக்கு ஒன்று, அவ்வளவுதான். முதல் வாரம் கத்தரிக்காய் அடிப்பிடித்தது, அப்புறம் மூடி போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து வேகவிடக் கற்றுக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் ருசி குறைந்ததாகத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டில் முதலில் காயைப் பாதித் தட்டுக்கு வைத்துவிட்டு, அப்புறம் சாதம் போடுங்கள். இரவுக்கு இரண்டு சப்பாத்தி, குருமாவுக்குப் பதில் கெட்டியான பருப்பு. எட்டு மணிக்குள் முடித்தால் நல்லது, முடியாவிட்டால் அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

மலைச்சாமி:
கொள்ளு ரசம் குடியுங்கள் அண்ணே. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்.

தசைக்கட்டு:
கொள்ளு நல்லதுதான், ஆனால் ரசமாக வடித்துக் குடித்துவிட்டு அடியில் இருக்கிற பயறை விட்டுவிடாதீர்கள், புரதமும் நார்ச்சத்தும் அதில்தான் இருக்கிறது. சுண்டலாகச் சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது.

அண்ணா, நீங்கள் விட்ட இன்னொன்று, தசைக்கான பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பையும், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சொல்கிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுப்பது தசைதான், அதனால் உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஜிம் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்து தடவை, இடைவெளி விட்டு மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றித் தண்டால் அதே கணக்கு. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள்.

தைராய்டு பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இதைப் படிக்கிறவர்களில் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

தெப்பக்குளத்தான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டீயில் சர்க்கரை முதலில் பாதி, இப்போது சுத்தமாக இல்லை. வடை ஞாயிறு மட்டும். மனைவி எண்ணெயை அளந்து பார்த்துவிட்டு அவரே அதிர்ந்துபோனார், அன்னக்கரண்டி அக்காவுக்கு நன்றி சொல்லச் சொன்னார். எடை 84.6, ஆனால் இந்த வாரம் முழுக்க ஒரு கிராம்கூட நகரவில்லை. இடுப்பு 100.

அன்னக்கரண்டி:
முதலில் இறங்கியதில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு தம்பி, அதனால்தான் இப்போது நிற்கிறது. தினமும் மிஷின் மேல் ஏறாதீர்கள், திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் ஒரு தடவை போதும். இடுப்பு இரண்டு செ.மீ. குறைந்திருக்கிறதே, நம் ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அந்த டேப்பை நம்புங்கள். அடுத்த மாதம் சர்க்கரை பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.