தெக்குவீடு குடும்பம் குழு: அப்பாவின் மாருதி எண்ணூறு கார்

சனி, 15 நவம்பர் 2025

காலை 10:42

ஜெபா: எண்ணூறு வில்லுக்குறியில் நின்றுவிட்டது. பானெட்டில் இருந்து புகை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். கண் டாக்டர் டோக்கன் 11:30க்கு

ஷீபா அக்கா: அம்மா தனியாகவா போகிறார்கள்?

ஜெபா: லில்லி மாமி கூட இருக்கிறார்கள்

லில்லி மாமி: நான் இருக்கிறேன் மக்கா. பார்வதிபுரம் பாலத்தில் ஏறிவிட்டோம். ஆட்டோக்காரர் நல்ல பையன், நம்ம ஸ்டீபனின் மருமகனுக்குத் தெரிந்தவராம்

ராஜமணி சித்தப்பா: புகை வெள்ளையா, கறுப்பா, நீலமா?

ஜெபா: புகைதான் சித்தப்பா

ராஜமணி சித்தப்பா: அப்படிச் சொன்னால் எப்படி. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங் போயிருக்கும். வெள்ளை என்றால் தண்ணீர். சைலென்சரில் இருந்து வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற தகடு, போயிருக்கும். பானெட்டில் இருந்து வருவது வெறும் ஆவியாகவும் இருக்கலாம், ஹோஸ் பைப் வெடித்தால் அப்படி வரும். ராணித்தோட்டம் டிப்போவில் 31 வருடம் இதையேதான் பார்த்தேன். எதுவாக இருந்தாலும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. அரை மணி நேரமாவது ஆற வேண்டும்.

ஜெபா: திறந்துவிட்டேன்

ராஜமணி சித்தப்பா: கை?

ஜெபா: கை இருக்கிறது. சட்டை போய்விட்டது

டென்னிஸ் அத்தான்: ஹா ஹா

ஷீபா அக்கா: சிரிக்க என்ன இருக்கிறது

பிற்பகல் 1:15

ஜெபா: கயிறு கட்டி இழுத்து, தக்கலை ஒர்க்‌ஷாப்பில் போட்டாயிற்று. மெக்கானிக் ஆயில் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆயில் பால் சாயா மாதிரி இருக்கிறது

ராஜமணி சித்தப்பா: ஹெட் கேஸ்கட்தான். தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணக் கூடாது, பேரிங் போய்விடும். எண்ணூறுக்கு ஹெட் அலுமினியம். சூடேறினால் வளையும். லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவி ஃபேஸ் பண்ணிவிட்டுத்தான் புதுக் கேஸ்கட் போட வேண்டும். சிலர் அதைச் செய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றுவார்கள், இரண்டே மாதத்தில் திரும்ப வரும். லேத் பில்லைக் கேட்டு வாங்கு.

ஜெபா: எஸ்டிமேட் தந்தார்
ஹெட் வேலை, ஆயில், கூலன்ட் சேர்த்து 9,500
கிளட்ச் செட் 5,500
டயர் 4, 10,400
பேட்டரி 3,600
தரைத் தகர வேலை 14,000
மொத்தம் 43,000

செல்வின் அண்ணன்: 43 ஆயிரமா

செல்வின் அண்ணன்: வண்டியே அவ்வளவு போகுமா?

ஜெபா: மார்த்தாண்டம் புரோக்கர் இப்படியே எடுத்தால் 28 என்கிறார். ஓடும் வண்டி என்றால் 45. பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் கடையில் எடைக்கு 17

செல்வின் அண்ணன்: 43 போட்டு 45க்கு விற்கவா? நல்ல வியாபாரம்

ஷீபா அக்கா: விற்க என்று யார் சொன்னது. அம்மாவுக்கு மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி, ஞாயிறு சர்ச்

செல்வின் அண்ணன்: அதற்கு ஆட்டோ போதுமே. மாதம் 2,500 வைத்தாலும் வருடத்துக்கு 30 ஆயிரம்தான்

ஷீபா அக்கா: அந்த 30ஐ யார் தருவது?

செல்வின் அண்ணன்: ரப்பர் ஷீட் விற்ற பணம் அம்மா கணக்கில் 40 இருக்கிறது இல்லையா. அதற்கு மேல் ஒரு ரூபாய் போகக் கூடாது. இந்த மாதம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ். அப்புறம் 2019இல் ஏசிக்கு என்று 12 அனுப்பினேன். அந்த ஏசியில் இன்றுவரை வெந்நீர் போடலாம்

ஜெபா: ஏசியை நான் கெடுத்தேனா?

செல்வின் அண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஜெபா: படித்துவிட்டேன். கீபோர்டு ஏற்றுவதற்காக மட்டும் நான் வண்டி ஓட்டவில்லை

ஸ்டெல்லா மயினி: ஜெபா, அவர் டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தார், சாப்பிடக்கூட இல்லை. மனதில் வைக்காதே

டென்னிஸ் அத்தான்: பலமுறை பகிரப்பட்டது: 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இனி பங்கில் பெட்ரோல் கிடையாது! வண்டியைப் பறிமுதல் செய்வார்கள்! அனைவருக்கும் பகிரவும்!

ஷீபா அக்கா: டென்னிஸ் அது டெல்லி

டென்னிஸ் அத்தான்: ஓ

லில்லி மாமி: டோக்கன் 34. இப்போதுதான் 19. அம்மா சுகமாக இருக்கிறார்கள். தக்கலைச் சந்தையில் நெய்மீன் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கு ஜெபா

ராஜமணி சித்தப்பா: எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். வண்டி பதிவானது 20-12-2005. 15 வருடம் முடிந்து 2020இல் என் அண்ணன், உங்கள் அப்பா, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார். அது வருகிற டிசம்பர் 19உடன் முடிகிறது. 60 நாள் முன்பாகவே விண்ணப்பிக்கலாம். கார் 20 வருடம் தாண்டிவிட்டால் புதுப்பிக்கும் கட்டணம் 10,000, அதற்குள் என்றால் 5,000. இந்த ஆகஸ்டில்தான் உயர்த்தினார்கள், ஜி.எஸ்.டி. தனி. வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். லைட், பிரேக், ஹாரன் பார்ப்பார், புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் கேட்பார். சரி, இதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் ஆர்.சி. இன்னும் அண்ணன் பேரில் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாற்ற வேண்டும். அண்ணன் போனது 2024 பிப்ரவரி. அதனால் அபராதமும் கட்ட வேண்டும். ரிப்பேர் பண்ணினாலும் சரி, விற்றாலும் சரி, முதலில் இது முடியாமல் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் விற்பனைத் தாளில் அண்ணன் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிற்பகல் 3:50

ஷீபா அக்கா: இன்ஷூரன்ஸ்?

ஜெபா: ஜனவரியில் ஆன்லைனில் புதுப்பித்தேன். அப்பா பேரில்தான்

ராஜமணி சித்தப்பா: நாளை ஒரு விபத்து என்றால் கம்பெனி கைவிரிக்கும். பாலிசி எடுத்தவர் உயிரோடு இல்லையே

செல்வின் அண்ணன்: 21 மாதமாக யாரும் சொல்லவில்லையே சித்தப்பா

ராஜமணி சித்தப்பா: காரியம் முடிந்த மறுநாளே சொன்னேன். அன்றைக்குக் கேட்கிற நிலையிலா இருந்தீர்கள்

ஸ்டெல்லா மயினி: வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது இல்லையா? பேங்குக்காக வாங்கினோமே

செல்வின் அண்ணன்: ஷீபாவிடம் கொடுத்தேன்

ஷீபா அக்கா: என்னிடம் ஜெராக்ஸ்தான். ஒரிஜினல் உங்களிடம்

செல்வின் அண்ணன்: நான் ஏன் அதை மஸ்கட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன்

அம்மா: (குரல் பதிவு 0:52)

ஸ்டெல்லா மயினி: அம்மா என்ன சொல்கிறார்கள்? வேலையில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை

ஷீபா அக்கா: சான்றிதழ் காருக்குள்தான் இருக்கிறதாம். டேஷ்போர்டில், பிளாஸ்டிக் கவரில். தாலுகா ஆபீசில் வாங்கிக்கொண்டு வரும்போது வைத்தது, எடுக்கவே இல்லையாம். அப்புறம் விற்றுவிடுங்கள் என்கிறார்கள். ஓட்டினவர் இல்லை, எனக்கு எதற்கு என்று. ஆனால் ஆக்கர் கடைக்கு மட்டும் கொடுக்க வேண்டாமாம்

ஜெபா: அம்மாவா விற்கச் சொல்வது?

லில்லி மாமி: கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள் ஜெபா. கண் தெளிந்ததும் வேறு மாதிரிச் சொல்வார்கள்

டென்னிஸ் அத்தான்: அரசு அனுமதி உள்ள ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சர்டிபிகேட் தருவார்கள். புது கார் எடுக்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை குறையும்

செல்வின் அண்ணன்: புது கார் நீ எடுத்துத் தருகிறாயா மச்சான்

டென்னிஸ் அத்தான்: தகவலுக்காகச் சொன்னேன்

செல்வின் அண்ணன்: பாறசாலையில் இருந்து ஒருவன் கேட்டானே, அவன்?

ராஜமணி சித்தப்பா: கேரளாவுக்கு என்றால் படிவம் 28, இங்கே தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கே போய் வரியும் கட்ட வேண்டும். அதையெல்லாம் கழித்துத்தான் விலை சொல்வான். அதுவும் அந்த இடது கதவைப் பார்த்தால் இன்னும் இரண்டாயிரம் குறைப்பான்

ஷீபா அக்கா: இடது கதவைப் பற்றி நீங்களே பேசுகிறீர்களா சித்தப்பா

ஜெபா: அயனி மரம் நினைவிருக்கிறதா சித்தப்பா

ராஜமணி சித்தப்பா: அது ஓக்கி புயலில் கொப்பு விழுந்து நெளிந்தது

செல்வின் அண்ணன்: ஓக்கி 2017. கதவு 2011, உங்கள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்

லில்லி மாமி: முந்திரிகொத்துக்குப் பயறு யார் வறுக்கிறீர்கள்? போன வருடம் கடைசி நிமிடத்தில் என் தலையில் கட்டினீர்கள்

மாலை 6:20

ஜெபா: கவர் கிடைத்தது. சான்றிதழ் உள்ளே இருக்கிறது. அதோடு இதுவும் இருந்தது

ஜெபா: (படம்)

ஷீபா அக்கா: அப்பாவின் நோட்டு

ஸ்டெல்லா மயினி: பெட்ரோல் நோட்டா? ஒவ்வொரு தடவையும் பங்கிலேயே வண்டியை ஓரமாக நிறுத்தி எழுதுவார்கள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்

ஜெபா: முதல் பக்கம் 20-12-2005, 14 கி.மீ. கடைசி 3-2-2024, 88,950

ராஜமணி சித்தப்பா: இப்போது மீட்டர் எவ்வளவு?

ஜெபா: 90,870

ராஜமணி சித்தப்பா: பெட்ரோல் மட்டுமா, வேலை செய்ததும் இருக்கிறதா பார்

ஜெபா: சிவப்பு மையில் இருக்கிறது. "9-9-2021. 84,106. கிளட்ச் செட் புதிது. ரூ. 4,200"

ராஜமணி சித்தப்பா: ஏழாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கிளட்ச் எதற்கு? ஹில்லில் சறுக்குகிறதா, மூன்றாவது கியரில் இன்ஜின் உறுமி வண்டி பின்தங்குகிறதா?

ஜெபா: இல்லை

ராஜமணி சித்தப்பா: எஸ்டிமேட்டில் அதை அடித்துவிடு. பேட்டரி?

ஜெபா: "11-1-2024. பேட்டரி." அட்டையைப் பின் போட்டு வைத்திருக்கிறார். வாரண்டி 36 மாதம்

ஷீபா அக்கா: 2027 ஜனவரி வரை

ஜெபா: அப்பா 9,100 மிச்சம் பண்ணிவிட்டார்

ராஜமணி சித்தப்பா: மைலேஜையும் பார். எந்தப் பக்கத்தில் இருந்து குறைகிறது?

ஜெபா: 17, 17, 16 என்று வருகிறது. 2023 நடுவில் இருந்து 13. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்

ராஜமணி சித்தப்பா: அப்போதே தொடங்கியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

செல்வின் அண்ணன்: 33,900 ஆனது. ஆர்.சி. 5,000 சேர்த்து 38,900. ஜி.எஸ்.டி., அபராதம் போட்டாலும் 40க்குப் பக்கத்தில்

ஷீபா அக்கா: அண்ணன் மாறிவிட்டாரா

செல்வின் அண்ணன்: கணக்குதானே சொன்னேன்

ராஜமணி சித்தப்பா: அவசரப்படாதீர்கள். தரையைப் பார்க்காமல் தகர வேலைக்கு விலை பேசக் கூடாது. அண்ணன் பதினோரு வருடம் முட்டத்துக்கு இந்த வண்டியில் போய் வந்தார், நாள் முழுதும் உப்புக் காற்றில் நிற்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், துரு அடியில் இருந்துதான் தின்னும். கால்மிதி மேட்டைத் தூக்கு. டிரைவர் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடம், பின் சீட்டு மூலை, மூன்று இடத்திலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அமுக்கிப் பார். டங் என்றால் நல்ல தகரம். மண் மாதிரி உதிர்ந்தால் வெட்டி எடுத்து வெல்டிங்.

ஜெபா: கால் வைக்கிற இடம் டங்

ஜெபா: பின் மூலை டங்

ஜெபா: டிரைவர் சீட்டுக்குக் கீழே உள்ளே போய்விட்டது

ஜெபா: (படம்) ஒர்க்‌ஷாப் தரை தெரிகிறது

டென்னிஸ் அத்தான்: ஏசி இல்லாவிட்டால் என்ன, காற்று வரும்

ஷீபா அக்கா: டென்னிஸ்

ஜெபா: தகர வேலை 19 ஆகும் என்கிறார்

செல்வின் அண்ணன்: ம். மறுபடி 43,900

ராஜமணி சித்தப்பா: டயர் முன்னால் இரண்டு மட்டும் போடு. எண்ணூறில் இழுப்பது முன் சக்கரம். இப்போது முன்னால் இருப்பதில் நல்லதைப் பின்னால் மாற்று. 5,200 குறையும்

ஷீபா அக்கா: 38,700

ஜெபா: சித்தப்பா, 2011 பக்கத்தைப் போடவா வேண்டாமா?

ராஜமணி சித்தப்பா: என்ன பக்கம்

ஜெபா: (படம்)

ஷீபா அக்கா: "22-5-2011. இடது கதவு. ராஜமணி. அயனி. செலவு இல்லை, கேட்க வேண்டாம்."

செல்வின் அண்ணன்: ஓக்கியாம்

லில்லி மாமி: அன்றைக்கு ராத்திரி உங்கள் அப்பா என்னிடமும் கொப்பு விழுந்தது என்றுதான் சொன்னார்

இரவு 9:35

ராஜமணி சித்தப்பா: கதவு வேலையை இப்போதே சேர்த்துச் செய்யச் சொல். அது எஸ்டிமேட்டில் வேண்டாம். நான் திங்கட்கிழமை தக்கலை வருகிறேன், நானே கொடுத்துக்கொள்கிறேன்.

ஜெபா: அதெல்லாம் வேண்டாம் சித்தப்பா

ராஜமணி சித்தப்பா: வருகிறேன் என்றேன். லேத்தில் ஹெட்டை நானும் பார்க்க வேண்டும்.

ஞாயிறு, 16 நவம்பர் 2025

காலை 11:10

ஜெபா: ஒர்க்‌ஷாப்பில் இருந்து போன். நாளை ஒன்பது மணிக்குள் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் வண்டியை வெளியே தள்ளுவார்களாம். என்ன சொல்ல?

செல்வின் அண்ணன்: ஹெட்டை மட்டும் கழற்றச் சொல். வளைவு அதிகம் என்றால் நிறுத்திவிடலாம். மற்றது அப்புறம்

ஷீபா அக்கா: பேர் மாற்றம்? யார் பேருக்கு?

ஜெபா: அம்மா பேருக்கு

செல்வின் அண்ணன்: அம்மாதான் விற்கச் சொன்னார்களே

ராஜமணி சித்தப்பா: யார் பேருக்கு ஆனாலும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். செல்வின், நீ எப்போது வருகிறாய்?

செல்வின் அண்ணன்: டிசம்பர் 20 டிக்கெட்

ராஜமணி சித்தப்பா: ஆர்.சி. 19 வரைதான்

செல்வின் அண்ணன்: எனக்குத் தெரியாதா. இங்கே எம்பசியில் எழுதி வாங்க முடியுமா பார்க்கிறேன். வியாழக்கிழமைதான் லீவு கேட்க முடியும்

அம்மா: (குரல் பதிவு 0:14)

ஸ்டெல்லா மயினி: என்னவாம்?

ஜெபா: நோட்டை வண்டியில் வைக்காதே, வீட்டுக்குக் கொண்டுவா என்கிறார்கள்

ஷீபா அக்கா: விற்கவா, வேண்டாமா?

ஜெபா: அதைச் சொல்லவில்லை

லில்லி மாமி: பயறு நான்கு கிலோ போதுமா ஐந்தா